முதக்கட்டை

காலைக் கொஞ்சம் அங்கிட்டு வச்சுக்கங்க சார். கட்டைக்குச் சாக்கு சுத்தித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் நுனி வெளிய நிக்குது, குத்திரும். டிரைவருக்குப் பின்னால வச்சுக்கிறேன்னு கண்டக்டர்கிட்டக் கேட்டேன். "ஊரெல்லாம் கருவையாக் கெடக்கு, ஒத்தக் கட்டையப் பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வர்ற ஆளு நீரு ஒருத்தருதான்யா"ன்னு சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவனுக்கு என்ன தெரியும்.

நீங்க சாயல்குடியா போறீக? சரி. நான் அதுக்கு முந்தியே, வேப்பங்குளம் விலக்குல எறங்கிருவேன். என் தம்பி பொண்டாட்டி அங்கதான் இருக்கா, அவ அப்பன் வீட்டுல. இந்தக் கட்டை அவ அடுப்புக்கு. இன்னைக்கு அவ இதை வாங்கி அடுப்புல வச்சுட்டான்னா நான் ஊருல தலை நிமிந்து நடப்பேன். வைக்கலைன்னா... வைப்பா. வைக்காம என்ன.

சிரிக்காதீக. கட்டைக்கும் தலை நிமிர்றதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு பாக்குறீக. சொல்றேன். விலக்கு வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்கு, இந்த வண்டி போற போக்குல பொழுதே போயிரும்.

எங்க அப்பா விட்டுட்டுப் போனது ஒரே நெலம். மானாவாரி. அவரு காலத்துலயே மழை ஏமாத்திப் போட்டுச்சு, வெதைக்கிறதை நிறுத்தினாரு, கருவை, அதான் சீமைக் கருவேல முள்ளு, ஏறிருச்சு. ஏறுனதைப் பார்த்து ஊருல மத்தவுக தலையில கைய வச்சு உக்காந்தாக. எங்க அப்பா அருவாளை எடுத்தாரு. விறகா வெட்டி வித்தே எங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டாரு. கரிமூட்டமெல்லாம் நாங்க போடுறதில்லை. பச்சையா வெட்டி, காய வச்சு, செங்கச் சூளைக்கு, ஓட்டலுக்கு, கல்யாண வீட்டுக்கு.

கருவைக்கு ஒரு குணம் இருக்கு சார். வெட்டினாச் சாகாது. தூருல, அதான் அடிமரத்துல, ஒரு சாண் விட்டு வெட்டினீகன்னா, அடுத்த மழைக்கு அந்தத் தூரச் சுத்திக் குபீர்னு துளிர் கெளம்பும். மூணு வருஷத்துல ஒவ்வொண்ணும் கைத்தண்டிக்கு நிக்கும். அதனால அப்பா நெலத்தை மூணு துண்டா வச்சாரு. மேலத்துண்டு, நடுத்துண்டு, கீழத்துண்டு. வருஷத்துக்கு ஒரு துண்டுதான் வெட்டு. ஒரு வருஷம் எனக்கு, மறு வருஷம் தம்பிக்கு. துண்டு மூணு, ஆளு ரெண்டு. அதனால இந்தத் தடவை நான் வெட்டுன துண்டு அடுத்த சுத்துல அவன் கைக்குப் போகும். எவனுக்கும் இது நல்ல துண்டு, அது நொள்ளைத் துண்டுன்னு சொல்ல வழியில்லை. படிக்காத மனுசன், எப்படி யோசிச்சிருக்காரு பாருங்க.

வெட்டு கை மாறுறதுக்கு எங்க பக்கம் ஒரு முறை உண்டு. முந்தின வருஷம் வெட்டுனவன், மாசி பொறந்ததும், அடுத்த துண்டுல எறங்கி மொதக் கம்பை அவனே வெட்டி, முள்ளுச் சீவி, அடுத்தவன் வீட்டு அடுப்புல கொண்டு போயி வைக்கணும். அதுதான் முதக்கட்டை. அது அந்த அடுப்புல எரிஞ்சாத்தான் துண்டு அவனுது. எரியிற வரைக்கும் ஒருத்தரும் அங்க அருவா வைக்கக் கூடாது. பங்காளிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லாமப் போனாக்கூட முதக்கட்டை போகும் சார். முதக்கட்டைய வாங்கலைன்னா, உனக்கும் எனக்கும் ஒறவே இல்லைன்னு அர்த்தம். வாங்கி எரிச்சுட்டா, நடந்தது நடந்துபோச்சு, மனசுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.

இப்ப புரியுதா, நான் ஏன் இதைப் பச்சைப்புள்ளை மாதிரி மடியில வச்சுக்கிட்டு வர்றேன்னு.

என் பேரு வில்லாயுதம். எங்க ஊருப் பக்கம் போயி வில்லாயுதம் வெட்டு எப்படின்னு கேட்டுப் பாருங்க. நான் வெட்டுனா சாய்வாத்தான் வெட்டுவேன். மேலருந்து கீழ ஒரே இழுப்பு. தூருல தண்ணி நிக்காது, அழுகாது, பட்டை உரியாது. அடுத்த மழைக்கு என் தூருல துளிர் வர்ற மாதிரி எவன் தூருலயும் வராது. என் தம்பி சாத்தையா, அவன் மொட்டையா வெட்டுவான். ரெண்டு பக்கமும் கொத்திக் கொத்தி, எலி கடிச்ச மாதிரி வச்சிருப்பான். நான் கேலி பண்ணுவேன். "ஏன்டா, மரத்தை வெட்டுறியா, இல்லை செரைச்சு விடுறியா"ம்பேன். அவனும் சிரிப்பான். கோவமே வராது அவனுக்கு.

அவன் ஒண்ணு சொல்லுவான். "அண்ணே, ஒன் தூரு ஒவ்வொண்ணும் வேல்கம்பு மாதிரி நிக்குதுண்ணே. துளிரு மறைச்சிருச்சுன்னா எது எங்க இருக்குன்னு தெரியாது. நுனிய மட்டும் கொஞ்சம் மழுக்கி விடுண்ணே"ம்பான். ஆடு மேய்க்கிற ஒச்சம்மா காலுல ஒரு தடவை ஏறி, செருப்பையும் தாண்டி அந்தப் பக்கம் வந்துருச்சு. அப்பவும் சொன்னான். மழுக்கி விட்டா தண்ணி நிக்குமேடா, தூரு அழுகுமேடான்னேன். மேலத்துண்டுல ஆடு மேய்க்க அவளை யாரு வரச் சொன்னது? நான் வெத்தலை பாக்கு வச்சா கூப்பிட்டேன்?

சரி, அதை விடுங்க.

அவனை நான்தான் வளத்தேன் சார். அப்பா போனப்ப அவன் சின்னவன். என் தோளுலதான் கெடந்தான். முத்துராக்குவைப் பொண்ணு பாத்துக் கட்டி வச்சதும் நான்தான். அவனுக்கு ஒரு பொம்பளைப் புள்ளை, காளீஸ்வரி. பெரியப்பா பெரியப்பான்னு என் தோள்துண்டைப் புடிச்சுக்கிட்டே திரியும். நான் அவனைக் கொன்னேன்னு சொல்றாக ஊருல. வாய் கூசாமச் சொல்றாக. டீக்கடையில நான் போயி உக்காந்தா பெஞ்சு காலியாகுது. நீங்களே கேளுங்க, கேட்டுட்டுச் சொல்லுங்க.

அந்த வருஷம் மேலத்துண்டு என் வெட்டு. வெட்டி முடிச்சுட்டேன், நல்ல வெட்டு. அடுத்த மாசிக்கு நடுத்துண்டு, அது அவன் முறை. ஆவணியில ஒரு நாளு வந்து உக்காந்தான். "அண்ணே, நான் நடுத்துண்டை வெட்டலை. தூரோட புடுங்கிப்புட்டு மொளகா போடப் போறேன். ஐப்பசி மழைக்கு நெலம் தயாரா இருக்கணும்"னான். என்னடா சொல்றேன்னேன். "முள்ளுக்குள்ளயே கெடந்து எத்தனை காலத்துக்குண்ணே. எங்கையப் பாரு, காலப் பாரு. எம் மகளுமா இதுக்குள்ள வந்து கெடக்கணும்? நெலம்னா அதுல ஒரு வெள்ளாமை இருக்கணும்ல"ங்கிறான்.

வெள்ளாமையாம். புடுங்குனா போச்சு சார். ஒரு துண்டு போனா சுத்து எங்க நிக்கும்? மூணு துண்டு இருந்தாத்தான் மூணு வருஷம் வளர நேரம் கெடைக்கும். ரெண்டு துண்டை வச்சுக்கிட்டு விரல் தண்டிக் குச்சியவா வெட்டி விக்கிறது? அவன் நெலத்தைப் புடுங்குறேன்னு சொல்லலை, எங்க அப்பா போட்டு வச்ச முறையவே புடுங்குறேன்னு சொன்னான். எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. செய்யாதடான்னு சொன்னேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டான்.

மறுநா காலையில உறுமுற சத்தம் கேக்குது. போயிப் பாக்குறேன், ஜேசிபி நடுத்துண்டுக்குள்ள நிக்குது. எங்கிட்டோ இருந்து வந்த பையன் ஓட்டுறான். ரெண்டு தூரைப் புடுங்கி வேரு மேல பாக்கப் போட்டிருக்கான். வேரு செவந்து போயி, ஈரமா. எங்க அப்பா காலத்துத் தூரு அது. எத்தனை வெட்டு வெட்டியிருப்போம்.

கையில அருவா இருந்துச்சு. எல்லாரும் அதையே கேக்குறாக, போலீசும் அதைத்தான் கேட்டாக. விறகு வெட்டுறவன் கையில அருவா இல்லாம அகப்பையா இருக்கும்? நான் அதை ஓங்கவும் இல்லை. நிறுத்துடான்னு சொல்லிக்கிட்டே அவனைப் பாத்துப் போனேன். ஓடலை, வேகமா நடந்தேன். மூஞ்சி கோவமா இருந்திருக்கும், இல்லைங்கலை. "இன்னொரு தூரைத் தொட்டே, ஒன்னையப் புடுங்கிருவேன்டா"ன்னு சொன்னேன். அண்ணன் தம்பிக்குள்ள சொல்றதுதான். இதை விடப் பெரிய பேச்செல்லாம் பேசியிருக்கோம்.

அவன் ஓடுனான் சார். என்னையப் பாத்து. பொறந்ததுலருந்து என் தோளுல கெடந்தவன், என்னையப் பாத்து எதுக்கு ஓடணும்? அதைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் தாங்க முடியலை. ஓடுனவன் ரோட்டுப் பக்கம் ஓடியிருக்கலாம். மேலத்துண்டுக்குள்ள போயி விழுந்தான். ஆவணியில்ல, துளிரு இடுப்பு ஒசரத்துக்கு வந்துருச்சு, பச்சைப்பசேல்னு. உள்ள தூரு இருக்கிறது தெரியாது. நான் பின்னாலயே... நானும் போனேன், ஓடாதடா நில்லுடான்னு சொல்றதுக்கு. அவன் காலு எதுலயோ தட்டுச்சு. குப்புற விழுந்தான்.

தூரு வயித்துல ஏறிருச்சு.

என் அருவாளுல ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அது போலீசே பாத்து எழுதுனது.

ஜேசிபிக்காரப் பையன் ஓடியாந்தான். நான் தூக்கப் போனேன், "ஆளைத் தூக்காதீக பெரியவரே, ரத்தம் கொட்டிரும், கட்டைய அடியில வெட்டி விடுங்க, அப்படியே கொண்டு போவோம்"னு கத்துறான். விவரமான பையன். சரின்னு கீழ குனிஞ்சு, கைய உள்ள விட்டு வெட்டுனேன். அருவா வீசுறதுக்கு எடம் பத்தலை. மொத வெட்டுக்கு அண்ணேன்னான். அடுத்த வெட்டுக்கு ஒண்ணும் சொல்லலை. ஆனா ஒண்ணு பாருங்க சார், கை பழக்கம்ங்கிறது எப்படி இருக்குன்னு. அந்தப் பதட்டத்துலயும் தரையோட வெட்டாம, நாலு விரல் விட்டு, சாய்வாத்தான் வெட்டியிருக்கேன். அப்புறம் போயிப் பாத்தப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. சொன்னா எவனும் நம்ப மாட்டேங்குறான்.

ஜேசிபி கரண்டியில படுக்க வச்சுத்தான் ரோட்டுக்குக் கொண்டு போனோம். நானும் கரண்டியிலயே உக்காந்து அவன் தலைய மடியில வச்சிருந்தேன். வண்டி குலுக்குற குலுக்குல அவன் கண்ணு தொறந்து தொறந்து மூடுச்சு. நூத்தெட்டு வந்தப்ப அவன் இல்லை. அழுதேன் சார். நான் அழுத மாதிரி ஊருல எவனும் அழுதிருக்க மாட்டான். அதையும் நடிப்புன்னு சொன்னாக.

முத்துராக்கு எல்லாத்தையும் பாத்தா. கஞ்சி கொண்டாந்தவ, வரப்புல நின்னா. போலீசுல அவளைத்தான் கேட்டாக. "காலு தட்டி விழுந்துட்டாரு"ன்னா. அவ வாயால சொன்னது. என் மேல தப்பு இருந்தா சொல்லியிருப்பாளா? நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. எங்க சாதிசனத்துல நாலு பெரியாளு போயிப் பேசிட்டு வந்தாக, அவ்வளவுதான். பொம்பளைப் புள்ளைய வச்சிருக்க, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா பெரியப்பன்தானே வந்து நிக்கணும்னு. நாயமாத்தானே சொல்லியிருக்காக?

எடுத்துப் போடுற காரியமெல்லாம் நானே முன்னால நின்னு செஞ்சேன். சுடுகாட்டுக்கு விறகு வேணும். என் வீட்டுல காஞ்ச விறகு அட்டி போட்டு இருந்துச்சு, ஆனா அது சூளைக்காரருக்குச் சொன்ன விறகு, லாரி வரப்போகுது. நான் யோசிச்சேன். நடுத்துண்டு நிக்குதே, அவன் முறைதானே, அவன் விறகுதானே. அடுத்தவன் விறகுல எதுக்கு அவனை வைக்கணும்? மூணு வருஷம் வெளைஞ்ச கம்பு, உள்ள செவப்பேறி இரும்பு மாதிரி இருக்கு. கருவை பச்சையாவே எரியும், அதுல ஒண்ணும் பழுதில்லை. நானே எறங்கி வெட்டுனேன். ஒருத்தனை அருவா தொட விடலை. நல்லா எரிஞ்சுச்சு சார். வெட்டியானே சொன்னாரு, விறகு மேனியான விறகுன்னு. முத்துராக்கு வீட்டு வாசல்ல உக்காந்து வண்டியில விறகு போறதைப் பாத்துக்கிட்டே இருந்தா. அழுகலை. எது யாரு துண்டு விறகுன்னு அவளுக்குப் பாத்தாலே தெரியும்.

காரியம் முடிஞ்சதும் புள்ளையக் கூட்டிக்கிட்டு அவ அப்பன் ஊருக்குப் போயிட்டா.

மாசி வந்துச்சு. நடுத்துண்டு தம்பி முறை. அவன் இல்லைன்னா அவ முறை. நான் முறை தவறுற ஆளு இல்லை. முதக்கட்டை வெட்டி, முள்ளுச் சீவி, இதே மாதிரி சாக்குல சுத்தி, இதே பஸ்ஸுலதான் போனேன். வாசல்ல காளீஸ்வரி நின்னுச்சு. என்னையப் பாத்ததும் உள்ள ஓடிருச்சு. அதுவும் ஓடுது. முத்துராக்கு வெளிய வந்தா. கட்டையப் பாத்தா, என்னையப் பாத்தா. தாயி, இது முதக்கட்டை, நடுத்துண்டு ஒன் முறை, அடுப்புல வையின்னேன்.

"அது அன்னைக்கே எரிஞ்சிருச்சு மச்சான்"னா.

அவ்வளவுதான். கதவைச் சாத்திட்டா. கத்தலை, மண்ணை வாரித் தூத்தலை. கட்டைய வாசல்ல வச்சுட்டு அங்கயே கொஞ்ச நேரம் நின்னேன். அவ அப்பன் வந்து, போயிட்டு வாங்கன்னாரு. அவரு கட்டையத் தொடலை.

பஸ்ஸுல வரும்போது யோசிச்சுப் பாத்தேன். எரிஞ்சிருச்சுங்கிறாளே, எது எரிஞ்சுச்சு? அப்புறம் புரிஞ்சுச்சு. நடுத்துண்டுல மொதக் கம்பு நான் வெட்டுனது சுடுகாட்டுக்கு. அதைத்தான் அவ முதக்கட்டைன்னு எடுத்துக்கிட்டா. சரி, ஒரு வகையில அதுவும் நாயம்தான். அவ சொன்னபடி பாத்தா நடுத்துண்டு முறை அதோட தீந்துபோச்சு. எரிஞ்சிருச்சுன்னு அவ வாயாலயே சொல்லிட்டாளே, வாங்கலைன்னு சொல்லலையே? ஊருல வந்து இதைச் சொன்னேன். எல்லாரும் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாக. ஒச்சம்மா காறித் துப்பிட்டுப் போறா.

நடுத்துண்டை நான் தொடலை. இன்னைக்கும் புதர் மண்டி நிக்குது, பாம்பும் நரியும் அடையுது. என் முறை இல்லாததுல நான் அருவா வைக்க மாட்டேன். போன வருஷம் கீழத்துண்டு என் முறை. மொறைப்படி முத்துராக்கு வந்து எனக்கு முதக்கட்டை வைக்கணும். வரலை. நானே வெட்டி எங்க அடுப்புல வச்சேன். என் பொண்டாட்டி அடுப்பங்கரையை விட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டா. புகையாத்தான் வந்துச்சு.

என் விறகை இப்ப உள்ளூருல யாரும் வாங்குறதில்லை சார். கல்யாண வீட்டுக்கு வேணாம்ங்கிறாக. சாவு வீட்டுக்கும் வேணாம்ங்கிறாக. வெளியூரு சூளைக்காரரு மட்டும்தான் லாரி அனுப்புறாரு. அதனாலதான் சொல்றேன், அவ அடுப்புல ஒரே ஒரு கட்டை எரியட்டும். அன்னைக்கு ஊரு வாய் அடங்கிரும். அதுக்கு அப்புறம் அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் காட்சி எல்லாம் நானே முன்னால நின்னு செய்வேன். எனக்கும் அவனைத் தவிர யாரு இருக்கா. ராத்திரியில அந்த அண்ணேங்கிற சத்தம்...

சரி, விடுங்க.

இந்த மாசி மேலத்துண்டு. சுத்து சரியா வந்திருக்கு பாருங்க. அன்னைக்கு நான் வெட்டுனது, இன்னைக்கு அவ கைக்கு. மொதக் கம்பை எந்தத் தூருல வெட்டுறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சேன். துண்டு பூரா சுத்தி வந்தேன். எல்லாத் தூரும் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஒரு தூரு மட்டும் தனியாத் தெரியுது. மத்ததை விட ஒசரம், மத்ததை விடப் பருமன், ஒரு கோணல் இல்லை, ஒரு பூச்சி அரிப்பு இல்லை. பக்கத்துல போனதும் எந்தத் தூருன்னு தெரிஞ்சுச்சு. மத்ததெல்லாம் ஒரு சாண், இது மட்டும் நாலு விரல் விட்டு, சாய்வா, என் வெட்டு எனக்குத் தெரியாதா.

அங்கயே உக்காந்துட்டேன் சார். கண்ணு நெறைஞ்சு போச்சு. அவன் எங்கயும் போயிடலைன்னு பட்டுச்சு. இதைக் கொண்டு போயிக் காட்டுவோம், இதைப் பாத்தா அவளுக்கும் மனசு எளகிரும்னு தோணுச்சு. எந்தத் தூருன்னு நானே சொல்லப் போறேன். ஒளிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? அவ புருசன் விழுந்த எடத்துல எப்படித் தழைச்சிருக்குன்னு அவ பாக்கட்டும்.

விலக்கு வந்துருச்சு. இந்தா எறங்குறேன் கண்டக்டரே, வண்டிய நிறுத்து.

சார், அந்தப் பக்கம் சாக்கு சீட்டுக் கம்பியில மாட்டியிருக்கு, அதை விலக்கி அப்படியே கட்டையத் தூக்கிக் குடுங்க. புடிச்சுப் பாருங்க, என்ன கனம்னு.

ஏன் சார் கையை எடுத்துட்டீக? முள்ளெல்லாம் சீவித்தான் எடுத்தாந்திருக்கேன்.